பாத் நகரின் வெந்நீரூற்றுகள்: பன்றி மேய்த்த இளவரசனின் கதை எப்போது பிறந்தது?

வைகைக்கரையான்:

நண்பர்களுக்கு வணக்கம். அண்மையில் இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள பாத் நகருக்குச் சென்று வந்தேன். குளியல் என்பதையே பெயராகக் கொண்ட ஊர் அது. ரோமானியக் குளியற்கூடத்தின் ஒரு பகுதியாக இன்று காட்டப்படும் 'அரசர் குளம்' என்னும் இடத்தில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு மாடத்தில் தேய்ந்துபோன கற்சிலை ஒன்று உட்கார்ந்த நிலையில் உள்ளது. அது பிளாடட் என்னும் மன்னனின் சிலை என்றும், அவன் பிரித்தானியரின் எட்டாவது அரசன், ஏதென்ஸில் பயின்ற பெரும் தத்துவ அறிஞன், கணித வல்லுநன் என்றும், கிறிஸ்துவுக்கு 863 ஆண்டுகளுக்கு முன் இந்த ஊற்றுகளைக் கண்டறிந்தவன் என்றும் அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. கல்வெட்டின் ஆண்டு 1699.

ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லும் கதை இது. இளவரசன் பிளாடட் தொழுநோயுடன் ஏதென்ஸிலிருந்து திரும்பினான். அரண்மனையில் அவனுக்கு இடமில்லை. மாறுவேடத்தில் வெளியேறிப் பன்றி மேய்க்கும் வேலையில் சேர்ந்தான். அவனுடைய நோய் பன்றிகளையும் தொற்றிக்கொண்டது. ஒரு குளிர்காலக் காலையில், பன்றிகள் ஆவி பறக்கும் சேற்றில் இறங்கிப் புரள்வதையும், நாளடைவில் அவற்றின் தோல் தெளிந்துவிட்டதையும் கண்டான். தானும் இறங்கினான், குணமடைந்தான், நாடு திரும்பி அரசனானான், நன்றிக்கடனாக அந்த ஊற்றைச் சுற்றி ஒரு நகரத்தை எழுப்பினான்.

கேட்டவுடனே, சிவகங்கைத் தீர்த்தத்தில் மூழ்கித் தோல்நோய் நீங்கப் பெற்ற சிம்மவர்மனின் சிதம்பரக் கதை நினைவுக்கு வந்தது. ஆனால் நான் கேட்க விரும்புவது வேறு. இந்தப் பன்றிக் கதை உண்மையில் எவ்வளவு பழையது? ரோமானியர் வருவதற்கு முன்பே வழங்கியதா, அல்லது பிற்காலத்தில் ஒட்டவைக்கப்பட்டதா?

பழஞ்சுவடி:

நல்ல கேள்வி. நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்: பிளாடட் பழையவன், பன்றிகள் புதியவை.

பிளாடட் முதன்முதலில் எழுத்தில் தோன்றுவது, மான்மத் ஊரைச் சேர்ந்த ஜெஃப்ரி என்னும் குருமார் ஏறத்தாழ 1136இல் இலத்தீனில் எழுதிய பிரித்தானிய மன்னர் வரலாற்றில். அங்கே தொழுநோயும் இல்லை, பன்றியும் இல்லை. அந்த நூலின் பிளாடட் ஒரு மந்திரவாதி. அவன் நகரத்தை நிறுவுகிறான். வெந்நீர்க் குளங்களை அமைக்கிறான். அவற்றை ரோமானியரின் அறிவுத் தெய்வமான மினர்வாவுக்கு உரியவையாக்குகிறான். அந்தத் தெய்வத்தின் கோயிலில் அணையாத நெருப்பை ஏற்றிவைக்கிறான். அந்த நெருப்பு தணியும்போது சாம்பலாகாமல் கல் உருண்டைகளாக மாறுமாம். இறுதியில் சிறகுகள் செய்து மாட்டிக்கொண்டு பறக்க முயன்று, இலண்டனில் அப்போலோ கோயிலின் மேல் விழுந்து சிதறிப்போகிறான். அவனுக்குப் பின் அரசேறிய மகன்தான் லியர், அதாவது பின்னாளில் நாடக மேடையில் புகழ்பெற்ற அதே லியர் மன்னன்.

இதில் ஒரு இழையைப் பிடித்து இழுத்தால் மிகப் பழைய துணி ஒன்று கையில் வருகிறது. கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சொலினஸ் என்னும் ரோமானிய எழுத்தாளர், பிரித்தானியாவின் வெந்நீரூற்றுகளுக்கு மினர்வா தலைவி என்றும், அவளது கோயிலின் நெருப்பு வெண்சாம்பலாகாமல் கல் கட்டிகளாக மாறுகிறது என்றும் எழுதியிருக்கிறார். நிலக்கரி எரிவதை முதன்முறையாகக் கேள்விப்பட்ட ஒருவரின் வியப்பு அது. சாமர்செட்டின் நிலக்கரிப் படுகை பாத்துக்கு அருகிலேயே இருக்கிறது. ஆக, ஜெஃப்ரி தம் மன்னனைக் கற்பனையில் படைத்திருந்தாலும், அந்த நெருப்பை அவர் கற்பனை செய்யவில்லை.

தொழுநோயும் பன்றியும் அச்சில் தலைகாட்டுவது 17ஆம் நூற்றாண்டின் இறுதியில். நீங்கள் பார்த்த 1699ஆம் ஆண்டுக் கல்வெட்டில்கூட ஏதென்ஸ் உண்டு, கணிதம் உண்டு, பன்றி இல்லை என்பதைக் கவனியுங்கள். கி.மு. 863இல் ஏதென்ஸில் தத்துவம் பயிலப் பள்ளி எதுவும் இருந்திருக்க வழியில்லை என்பது தனிக்கதை.

எதிர்வாதி:

அப்படியானால் இழையை இத்துடன் முடித்துக்கொள்ளலாமே. ஊற்று இயற்கையின் கொடை, குளியற்கூடம் ரோமானியர் கட்டியது, பிளாடட் ஒரு குருவின் கற்பனை, பன்றிகள் விடுதிக்காரர்களின் விளம்பரம். நோய் தீர்க்கும் நீரை விற்கும் ஊருக்கு, நோய் தீர்ந்த அரசன் ஒருவன் தேவைப்பட்டான், படைத்துக்கொண்டார்கள். எந்தத் தல வரலாற்றை எடுத்தாலும் இதே கணக்குதான். பொய் என்று தெரிந்த பின்பும் அதைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பது நேரத்தை வீணாக்குவது என்பது என் கருத்து.

கொத்தனார் மகன்:

எதிர்வாதி அவர்களே, பொய்யான கதைக்கும் எடை உண்டு. பாத்தில் அது கல்லின் எடை. கட்டடக்கலை படித்தவன் என்ற முறையில் அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

இன்று பாத் என்றதும் நினைவுக்கு வரும் தேன்நிற வளைவுத் தெருக்களின் மூலவர், தந்தை ஜான் வுட் என்னும் கட்டடக் கலைஞர். அவர் 1742இல் பாத்தைப் பற்றிய தம் நூலை வெளியிடத் தொடங்கியபோது, பன்றிக் கதையை விரிவாக எழுதியதோடு நிற்கவில்லை. பிளாடட்டை வரலாற்று மனிதனாகவே நம்பினார். பிளாடட் காலத்து நகரம் பாபிலோனுக்கு நிகரான பரப்புடையது என்றும், அருகிலுள்ள ஸ்டான்டன் ட்ரூ என்னும் ஊரின் பெருங்கற்கால வட்டங்கள், ட்ரூயிடுகள் எனப்படும் பண்டைய கெல்டியச் சமயக் குருமாருக்காக அமைந்த பல்கலைக்கழகம் என்றும் வாதிட்டார். படிக்கும்போது சிரிப்பு வரும். ஆனால் அந்த மனிதர் கையில் அளவுகோலும் இருந்தது. ஸ்டோன்ஹெஞ்ச் என்னும் புகழ்பெற்ற பெருங்கல் வட்டத்தை 1740இல் நேரில் சென்று அளந்தவர் அவர்.

அந்த அளவெடுப்பின் விளைவுதான் 'சர்க்கஸ்' எனப்படும் வட்ட வடிவ வீட்டு வரிசை. 33 வீடுகள், மூன்று வளைவுகளாகப் பிரிந்து ஒரு வட்டத்தை நிறைவு செய்கின்றன. விட்டம் ஏறத்தாழ 97 மீட்டர். ஸ்டோன்ஹெஞ்சின் வெளிவட்டத்தை மனத்தில் வைத்து எடுத்த அளவு இது. 1754இல் அடிக்கல் நாட்டிய சில மாதங்களில் அவர் இறந்துவிட, அதே பெயருடைய மகன் 1768இல் முடித்தார். தெருவின் நடுவில் நின்று கழுத்தை நிமிர்த்திப் பாருங்கள்: கைப்பிடிச் சுவரின் உச்சியில் வரிசையாகக் கல் கருவாலிக் கொட்டைகள் நிற்கும். கருவாலி ட்ரூயிடுகளின் புனித மரம். அதே கொட்டைகளைக் காட்டி ஆசை காட்டித்தான் பிளாடட் தன் பன்றிகளை ஏவன் ஆற்றைக் கடக்க வைத்தான் என்பதும் கதை. கடந்த இடத்துக்கு இன்றும் பன்றித்துறை என்னும் பொருளில் ஸ்வைன்ஃபோர்டு என்று பெயர்.

பெயரைப் பார்த்துக் கதை பிறந்ததா, கதையைப் பார்த்துப் பெயர் வந்ததா என்று கேட்டால், முதலாவதுதான் என்பேன். ஊர்ப்பெயருக்குப் பொருள் சொல்லும் ஆசை எல்லா நாட்டிலும் ஒன்றே. ஆனால் ஒரு கட்டுக்கதையை நம்பிய ஒருவர், பிற நகரங்களும் பின்பற்றிய ஒரு நகர வடிவத்தை அதிலிருந்து எழுப்பிவிட்டார் என்பதை மறுக்க முடியாது. அவரை அடக்கம் செய்ததும் பிளாடட் கதையோடு பெயர் பின்னப்பட்ட ஸ்வைன்ஸ்விக் கிராமத்தின் தேவாலயத்தில்தான்.

பிரிஸ்டல் தமிழச்சி:

எனக்கு அரசர்களில் அவ்வளவு ஆர்வமில்லை. பாத்துக்கு அரைமணி நேரத் தொலைவில் வசிப்பதால் ரோமானியக் குளியற்கூட அருங்காட்சியகத்துக்குப் பலமுறை சென்றிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நான் அதிக நேரம் நிற்பது, மங்கிய விளக்கொளியில் ஈயத் தகடுகள் வைக்கப்பட்டிருக்கும் கண்ணாடிப் பேழைக்கு முன்னால்.

1979, 1980 ஆண்டுகளில் தொல்லியலாளர் பேரி கன்லிஃப் தலைமையில் ஊற்றின் அடிப்பகுதியை அகழ்ந்தபோது, 12,000க்கும் மேற்பட்ட ரோமானிய நாணயங்களோடு ஏறத்தாழ 130 சாபத் தகடுகள் கிடைத்தன. உள்ளங்கையில் அடங்கும் மெல்லிய ஈயத் துண்டுகள். எழுத்தாணியால் கீறி, சுருட்டியோ மடித்தோ ஊற்றுக்குள் எறிந்திருக்கிறார்கள். அவற்றுள் பெரும்பாலானவை திருட்டுப் புகார்கள். குளிக்கப் போன இடத்தில் உடையும் காசும் களவு போவது அன்றாட நிகழ்ச்சி போலும்.

டோசிமெடிஸ் என்பவர் ஒரு சோடிக் கையுறையை இழந்திருக்கிறார். திருடியவர் தம் புத்தியையும் கண்களையும் இழக்க வேண்டும் என்று ஊற்றின் தெய்வமான சூலிஸிடம் கேட்கிறார். கையுறைக்குக் கண்ணா என்று நமக்குத் தோன்றலாம். பிரித்தானியக் குளிரில் வெந்நீரிலிருந்து வெளியே வந்து நின்றவருக்குத்தான் அதன் அருமை தெரிந்திருக்கும். சொலினஸ் என்னும் இன்னொருவர் (பழஞ்சுவடி குறிப்பிட்ட எழுத்தாளர் அல்லர்) குளியல் உடையையும் மேலங்கியையும் பறிகொடுத்துவிட்டு, எடுத்தவனுக்கு உறக்கமும் நலமும் வாய்க்கக் கூடாது என்கிறார். அன்னியானஸ் என்பவரின் தகடு இன்னும் நுணுக்கமானது. பணப்பையிலிருந்து ஆறு வெள்ளிக்காசுகளை எடுத்தவர் "ஆணோ பெண்ணோ, சிறுவனோ சிறுமியோ, அடிமையோ சுதந்திரரோ, புறச்சமயத்தாரோ கிறிஸ்தவரோ" யாராயினும் விடாதே என்று எழுதி, தகட்டின் மறுபக்கத்தில் ஒரு பெயர்ப்பட்டியலையும் தருகிறார். சந்தேகப்பட்டவர்களின் பட்டியல் அது என்றே கருதப்படுகிறது. குற்றவாளி எந்தச் சந்து வழியாகவும் தப்பிவிடக் கூடாது என்று எல்லா வாயிலையும் அடைக்கும் வழக்கறிஞர் மொழி அது.

விருத்தாசலத்துக்கு அருகே கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது எழுதிக் கட்டும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோயிலை நீதிமன்றமாகக் கொள்ளும் மனநிலை அது. அதிகாரிக்கு விண்ணப்பம் எழுதும் தோரணையில்தான் பாத்தின் தகடுகளும் எழுதப்பட்டிருக்கின்றன. சிலவற்றில் எழுத்துகள் தலைகீழ் வரிசையில் உள்ளன. மனிதர் படிக்கத் தேவையில்லை, தெய்வம் படித்தால் போதும் என்ற எண்ணம்.

1,600 ஆண்டுகளுக்கு மேல் சேற்றில் கிடந்த இந்தச் சில்லறைக் கோபங்கள்தாம் இந்த ஊரின் உண்மையான தல வரலாறு என்பேன். பிளாடட்டை யாரோ ஒருவர் எழுதினார். இவற்றைக் கையுறை தொலைத்தவர்களே எழுதினார்கள்.

வைகைக்கரையான்:

அருமை. அந்தப் பேழையை நான் அவசரமாகக் கடந்துவிட்டேன் என்று இப்போது வருந்துகிறேன். இதில் இன்னொரு ஐயம்: பேழையில் சூலிஸ் என்றும், சிலையில் மினர்வா என்றும், பலகையில் சூலிஸ் மினர்வா என்றும் எழுதியிருந்தது. இவை இரு தெய்வங்களா, ஒன்றா?

பழஞ்சுவடி:

இரண்டு தெய்வங்களாக இருந்து ஒன்றாக்கப்பட்டவர்கள். ஊற்றின் தெய்வம் சூலிஸ், ரோமானியர் வருவதற்கு முன்பே இருந்தவள். அந்தப் பகுதியில் வாழ்ந்த டோபுன்னி இனத்தாரின் வட்டாரத்துக்குரிய 18 கெல்டிய நாணயங்கள் ஊற்றிலிருந்து கிடைத்துள்ளன. ரோமானியப் படை வந்து, கி.பி. 60, 70களில் அங்கே கல்லால் கோயிலும் குளியற்கூடமும் எழுப்பியபோது, அவர்கள் உள்ளூர்த் தெய்வத்தை விரட்டவில்லை. தங்கள் மினர்வாவோடு சேர்த்துவிட்டார்கள். ஊருக்கு 'அக்வே சூலிஸ்', அதாவது 'சூலிஸின் நீர்நிலைகள்' என்று பெயரிட்டார்கள். பெயரில் மினர்வாவுக்கு இடமில்லை, உள்ளூர்க்காரிக்கே இடம் என்பது கவனிக்கத்தக்கது. இதைப் பெருந்தன்மை என்று சிலர் சொல்வர். கைப்பற்றிய நாட்டின் புனித இடத்தில் தன் தெய்வத்தை இணையாக உட்கார வைப்பது ஆட்சிக்கலை என்பது என் எண்ணம்.

அந்த இணைப்பின் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் கோயில் முகப்பில் இருந்த கல்முகத்தைப் பாருங்கள். ஊற்றுநீரைப் பருகும் கூடமான இப்போதைய பம்ப் ரூம் கட்டடத்துக்கு அடித்தளம் தோண்டியபோது 1790இல் துண்டுகளாகக் கிடைத்தது. மினர்வாவின் கேடயத்தில் இருக்கும் பாம்புக்கூந்தல் மெடூசா அங்கே இருந்திருக்க வேண்டும். ஆனால் அடர்ந்த மீசையோடு, அகன்ற கண்களோடு நம்மை முறைப்பது ஓர் ஆணின் முகம். நீர்த்தெய்வம் என்பாரும், கதிரவன் என்பாரும், கெல்டியச் சிற்பியின் கைக்கு வந்த மெடூசா என்பாரும் உண்டு. மூன்றாவது கருத்தே எனக்கு உடன்பாடு. எங்கோ தொலைவில் பிறந்த கதையை உள்ளூர் உளி தன் முகத்தில் செதுக்கிக்கொண்டது.

பொன்முலாம் பூசிய வெண்கல மினர்வா தலை 1727இல் ஸ்டால் தெருவில் கழிவுநீர்க் கால்வாய் வெட்டியவர்களின் கையில் சிக்கியது. ஊர்க்காரர்கள் பிளாடட்டைப் பேசிக்கொண்டிருந்த அதே காலத்தில், காலடியில் இப்படியொரு பெருங்கோயில் இருக்கிறது என்பதை அந்தத் தலைதான் முதலில் உணர்த்தியது.

பாறைப்படிவம்:

நிலவியல் மாணவனின் குறிப்பு. ஊற்று ஏன் கதைகளை ஈர்க்கிறது என்பதற்கு அதன் இயல்பே ஒரு காரணம். அந்த ஊரின் மூன்று ஊற்றுகளில் பெரியது அரசர் ஊற்று. அங்கிருந்து ஒரு நாளைக்கு ஏறத்தாழ 11 இலட்சத்து 70 ஆயிரம் லிட்டர் நீர் 46 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வெளிவருகிறது. கோடை, குளிர்காலம், வறட்சி எதுவும் அதைப் பெரிதாக மாற்றுவதில்லை. எரிமலைக்கும் இதற்கும் தொடர்பில்லை. பிரித்தானியாவில் இப்போது இயங்கும் எரிமலையே கிடையாது.

தெற்கே மெண்டிப் குன்றுகளில் பெய்யும் மழை சுண்ணாம்புப் பாறைகளின் வழியே 2,700 மீட்டரிலிருந்து 4,300 மீட்டர் வரையிலான ஆழத்துக்கு இறங்குகிறது. கீழே போகப் போக நிலத்தின் உள்வெப்பம் அதைச் சூடாக்குகிறது. பின்னர் அழுத்தத்தால் பாறைப் பிளவின் வழியே மேலேறி வருகிறது. இந்தச் சுற்றுக்கு ஆகும் காலம் ஏறத்தாழ 10,000 ஆண்டுகள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அந்தக் கணக்கின்படி, கி.மு. 863இல் பிளாடட் என்றொருவன் உண்மையாகவே மழையில் நனைந்திருந்தாலும், அந்த மழை இன்னும் ஊற்றின் வாயை எட்டவில்லை.

குளத்தில் குமிழிகள் எழுவதைப் பார்த்து நீர் கொதிக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அது வாயு, பெரும்பாலும் நைட்ரஜன். கற்களில் செம்மஞ்சள் கறை படிவது இரும்பினால். ரோமானியக் குளியற்கூடத்தின் நடுவிலுள்ள பெருங்குளத்தின் பச்சை நிறம் பாசியினால். ரோமானியர் காலத்தில் அதன்மேல் கூரை இருந்ததால் வெயில் படவில்லை, பாசி பிடித்திருக்காது. இன்று எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் அந்தப் பச்சையை எந்த ரோமானியரும் கண்டதில்லை.

மருந்துப்பெட்டி:

நோய் தீர்ந்த கதைக்கு வருகிறேன். எதிர்வாதி அதை விளம்பரம் என்று ஒதுக்கியதில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதியைச் சொல்வது என் கடமை.

இடைக்கால பாத்தில் தொழுநோயாளிகளுக்கென்றே தனிக்குளம் இருந்தது. ஊருக்கு வெளியே ஹாலோவே சாலையில் அவர்களுக்கான புனித மகதலா மரியா இல்லமும் இருந்தது. ஏழைகளுக்காக ஏறத்தாழ 1174இல் ஆயர் ரெஜினால்டு நிறுவிய புனித யோவான் இல்லம் இன்றும் முதியோருக்கு வீடு தருகிறது. எனவே இளவரசனுக்குத் தொழுநோய் என்று கதை கட்டியவர்கள் அதைக் காற்றிலிருந்து பிடிக்கவில்லை; கண்ணெதிரே கண்டதை அரசன்மேல் ஏற்றினார்கள். அக்காலத்தில் தொழுநோய் என்று பெயரிடப்பட்டவற்றுள் சொரியாசிஸ் போன்ற பிற தோல்நோய்களும் கலந்திருந்தன. அத்தகையோருக்கு வெந்நீர்க் குளியல் ஆறுதல் தந்திருக்கும். உண்மையான தொழுநோயை அந்த நீர் தீர்த்திருக்க முடியாது.

வலுவான சான்று வேறோர் இடத்தில் உள்ளது. 1738இல் நிறுவப்பட்டு 1742இல் நோயாளிகளை ஏற்கத் தொடங்கிய கனிமநீர் மருத்துவமனைக்கு, கைகால் விளங்காமல் போன வண்ணம் பூசுவோரும் ஈயக் குழாய் வேலை செய்வோரும் வந்தார்கள். அது ஈய நஞ்சின் விளைவு. கழுத்தளவு நீரில் நீண்ட நேரம் அமர்ந்திருந்தால் உடலின்மேல் நீரின் அழுத்தம் கூடி, சிறுநீர் அதிகம் பிரியும். அதோடு ஈயமும் வெளியேறும். 1980களில் பிரிஸ்டல் மருத்துவர்கள் இதை ஆய்ந்து பார்த்தார்கள். ஆக, அந்த நோயாளிகள் தேறிப்போனது வெறும் நம்பிக்கையால் அன்று. சூலிஸின் அருளும் கனிமத்தின் ஆற்றலும் அன்று, நீரின் எடையே வேலை செய்தது. அந்த மருத்துவமனையில் சேர விரும்புவோர், குணமானால் ஊர் திரும்பவும் குணமாகாவிட்டால் அடக்கம் செய்யவும் முன்கூட்டியே பணம் கட்ட வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. நிர்வாகத்துக்குத் தம் நீரைப் பற்றிய மயக்கம் அதிகம் இருக்கவில்லை என்று தெரிகிறது.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. 1978இல் அந்த நீரில் நீந்திய ஒரு சிறுமி, நெக்லேரியா ஃபவுலெரி என்னும் அமீபாவால் வரும் மூளைக் காய்ச்சலுக்குப் பலியானாள். பொதுக் குளியல் நிறுத்தப்பட்டது. மேற்பரப்பு மாசு கலக்காதவாறு ஆழ்துளையிட்டுத் தூய நீரை எடுத்த பிறகே, 2006இல் புதிய வெந்நீர்க் குளியல் நிலையம் திறக்கப்பட்டது. பெருங்குளத்து நீரில் கைவைக்கக் கூடாது என்று எச்சரிக்கும் பலகையை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எதிர்வாதி:

நேரத்தை வீணாக்குவது என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். விளம்பரம் என்று எழுதியதை அல்ல. 1702, 1703 ஆண்டுகளில் ஆன் அரசி வந்து தங்கிய பிறகுதான் பாத் நாகரிகத்தின் தலைநகராகிறது. போ நாஷ் என்பவர் விழாத் தலைவராக அமர்ந்து, யார் எங்கே நிற்கலாம், யார் முதலில் ஆடலாம் என்று சட்டம் போட்டு, சீமான்களின் இடுப்பிலிருந்து வாளைக் கழற்ற வைத்தார். அவர்கள் நோய் தீர்க்க வந்ததைவிடச் சூதாடவும் பெண் பார்க்கவும் வந்ததே அதிகம். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கொத்தனார் மகன் புகழ்ந்த அதே சர்க்கஸில், 1751இல் ஆற்காட்டைப் பிடித்துப் புகழும் பிறகு பெருஞ்செல்வமும் ஈட்டிய ராபர்ட் கிளைவுக்கும் இறுதிக் காலத்தில் ஒரு வீடு இருந்தது. கருவாலிக் கொட்டைகளுக்குக் கீழே நம் ஊர்க் காசும் கொஞ்சம் இருக்கிறது.

அத்துடன், பாத் பேராலய முகப்பில் தேவதூதர்கள் ஏணியில் ஏறுவதாகச் செதுக்கியிருக்கிறார்களே, சிறகு உள்ளவர்களுக்கு ஏணி எதற்கு?

பழஞ்சுவடி:

அதுவும் ஒரு கனவுக் கதை. ஆயர் ஆலிவர் கிங் 1499 வாக்கில் ஒரு கனவு கண்டாராம்: விண்ணுக்கும் மண்ணுக்கும் இடையே ஓர் ஏணி, அதில் தூதர்கள் ஏறி இறங்குகிறார்கள், "ஓர் ஆலிவ் மகுடத்தை நிலைநிறுத்தட்டும், ஓர் அரசன் தேவாலயத்தைப் புதுப்பிக்கட்டும்" என்று ஒரு குரல் கேட்கிறது. தம் பெயரே ஆலிவர், குடும்பப்பெயரே கிங், அதாவது அரசன் என்பதால், அது தமக்கு இட்ட கட்டளை என்று கொண்டு, சிதைந்து கிடந்த பழைய கோயிலை மீண்டும் கட்டத் தொடங்கினார். முகப்பில் ஆலிவ் மரமும் மகுடமும்கூடச் செதுக்கப்பட்டிருக்கின்றன. சிலர் ஏறுகிறார்கள், சிலர் தலைகீழாக இறங்குகிறார்கள். ஏணியை விவிலியத்தின் யாக்கோபிடமிருந்து கடன் வாங்கியிருப்பதால், சிறகு இருந்தாலும் ஏணியில்தான் ஏற வேண்டும். அந்த இடத்துக்கு அதற்கு முன்பே பெருமை உண்டு; 973இல் எட்கர் மன்னன் முடிசூட்டப்பட்டது அங்கிருந்த பழைய மடத்துத் தேவாலயத்தில்தான்.

பிரிஸ்டல் தமிழச்சி:

போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் சேர்க்கிறேன். பெருங்குளத்தின் மேல்மாடியில் ரோமானியப் பேரரசர்களும் ஆளுநர்களும் சிலையாக வரிசையில் நிற்பார்கள். எல்லோரும் அவர்களோடு நின்று படமெடுத்துக்கொள்வார்கள். அவர்கள் 1890களில் செய்யப்பட்டவர்கள். அரசர் குளத்தில் ஏற்பட்ட நீர்க்கசிவைத் தேடிப்போன நகர அளவையாளர் சார்லஸ் டேவிஸ் 1880ஐ ஒட்டிப் பெருங்குளத்தைக் கண்டறிந்தார். மேலே இருந்த வீடுகளை விலைக்கு வாங்கி, இடித்து, தோண்டி, 1897இல் மக்களுக்குத் திறந்தார்கள். தூண்களின் அடிப்பகுதிதான் ரோமானியருடையது. மேலே உள்ளவை விக்டோரியா காலத்தவை. குளத்தின் தரையில் 45 ஈயத் தகடுகள் பதித்திருக்கிறார்கள்; அவை மட்டும் அன்று முதல் இன்று வரை நீரைத் தாங்கி நிற்கின்றன.

முதல்முறை சென்றபோது பம்ப் ரூமில் அந்த நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் வாங்கிக் குடித்தேன். சூடும் இல்லை, ஆறவும் இல்லை. இரும்புச் சட்டியில் நெடுநேரம் கிடந்த உப்புநீரின் சுவை. உடன் வந்த என் மாமியார் ஒரு வாய் பருகிவிட்டு, "இதுக்கு நம்ம ஊர் போர் தண்ணியே தேவலாம்" என்றார். பிறகு ஏன் குவளையை முழுவதும் காலி செய்தீர்கள் என்று கேட்டேன். "முழங்கால் வலிக்குத் தீர்த்தம்னு சொன்னியேம்மா" என்றார்.

வைகைக்கரையான்:

அனைவருக்கும் நன்றி. எதிர்வாதிக்கு ஒரு செய்தி: 2008இல் அந்த நகர மக்கள் நூற்றுக்கும் மேற்பட்ட பன்றிச் சிற்பங்களுக்கு வண்ணம் தீட்டித் தெருவெங்கும் நிறுத்தி, பிளாடட் மன்னனின் பன்றிகள் என்று விழா எடுத்தார்களாம். உங்கள் விளம்பரக் கருத்துக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நான் கண்ட ஒன்றை மட்டும் சொல்கிறேன். வெளியேறும் வழியில் அரசர் ஊற்றின் மிகைநீர் வழிந்தோடும் மதகு ஒன்று உண்டு. செம்மஞ்சள் கறை படிந்த கற்களின்மேல் நீர் ஆவியோடு விழுந்து, ரோமானியர் கட்டிய வடிகாலுக்குள் இறங்கி, ஏவன் ஆற்றுக்குப் போகிறது. கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து நின்ற என் மூக்குக்கண்ணாடி முழுவதும் ஆவி படிந்துவிட்டது. துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தபோது, பக்கத்தில் நின்ற ஒரு சிறுவன் யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு காசை உள்ளே எறிந்துகொண்டிருந்தான்.